நீக்கியவர், நீக்கப்பட்டவர்

எங்கள் தண்ணீர்க் கழகத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக நடக்கும். குழாய் உடையும். கோப்பு தொலையும். கூட்டம் நீளும். இதையெல்லாம் செய்த ஆள் யார் என்று கேட்பது இங்கே நாகரிகம் இல்லை. பதினெட்டு வருடமாக நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். ஆயிரம் கூட்டமாவது இருக்கும். ஒன்றில்கூட எழுவாய் கிடையாது.

கணினிக்கு மட்டும் இந்த நாகரிகம் தெரியவில்லை. இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறையில் குளிரூட்டி போட்டு அதை வைத்திருக்கிறோம். யார் உள்ளே வந்தார், யார் பெயரில் வேலை செய்தார், என்ன செய்தார், எத்தனை மணிக்கு, நடந்ததா இல்லையா என்று அது பாட்டுக்கு வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். தணிக்கைப் பதிவு என்று பெயர். கழகத்திலேயே எழுவாயோடு எழுதுகிற ஒரே ஆள் அதுதான்.

அந்தப் பதிவைத் தினமும் காலையில் அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, அடியில் முத்திரை குத்துவது முராகோஷியின் வேலை. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஜப்பானின் வடக்கே ஹாச்சினோஹே என்ற ஊர்க்காரர். வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. ஐந்து வருடம் முடிந்து இன்னொரு தடவை புதுப்பித்துவிட்டால், நிரந்தரமாக்கு என்று கேட்க அவருக்கு உரிமை வந்துவிடும். வருகிற மார்ச் முப்பத்தொன்றோடு ஐந்து முடிகிறது. மேசை நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். பேனாவால் போடவில்லை.

எனக்கு ஊர் தெற்கே ஒரு தீவு. வாரத்தில் மூன்று நாள்தான் கப்பல். அவர் வடக்கு, நான் தெற்கு. மத்தியானச் சோற்றை எதிர் எதிர் மேசையில் வைத்து நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுவோம். இரண்டு பேருக்கும் பேச வேறு ஆள் கிடையாது.

பதிவில் முதலில் ஆங்கிலச் சுருக்கங்கள்தான் இருந்தன. குஸெ என்ற எங்கள் புச்சோ, அதாவது துறைத்தலைவர், ஒருநாள் அந்தத் தாளைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார்.

"இதென்னய்யா, ஏயுஐடின்னு போட்டிருக்கு?"

"முதல்ல கதவைத் தொறந்து உள்ள வந்தது யாருன்னு அர்த்தங்க, புச்சோ," என்றார் முராகோஷி. "உள்ள வந்தப்புறம் அவர் வேற யாரோட சட்டையை மாட்டிக்கிட்டாலும் அந்த நம்பர் மாறாது."

"அப்ப யுஐடி?"

"அது மாட்டிக்கிட்ட சட்டைங்க."

"இவ்ளோ புரியாத பேரை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"படிச்சுக்கிட்டு இருந்தேங்க."

புச்சோவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. அடுத்த வாரமே குழு அமைந்தது. 'பதிவேட்டுத் தலைப்புகளை அனைவருக்கும் தெளிவாகப் புரியும்படி ஆக்கும் குழு'. தலைவர் குஸெ புச்சோ. குறிப்பு எழுத நான். முதல் மூன்று கூட்டமும் குழுவின் பெயரைப் பற்றியே நடந்தது. 'தெளிவாக' என்ற சொல் இதுவரை தெளிவு இல்லை என்று ஒத்துக்கொள்வதுபோல் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அதனால் அதை எடுத்துவிட்டோம்.

பதினான்கு மாதம், இருபத்து மூன்று கூட்டம். 'தோல்வி' என்ற சொல்லில்தான் முதலில் இடித்தது. புச்சோ கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தால் பதிவில் 'தோல்வி' என்று விழுகிறது. துறைத்தலைவர் தோற்றார் என்று ஓர் எந்திரம் எழுதலாமா? அதற்குப் பதில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வைத்தோம். 'வெற்றி' என்பதும் தற்பெருமையாகப் பட்டது. அதை 'உங்கள் தயவால்' என்று மாற்றினோம். மாற்றிய முதல் ஞாயிற்றுக்கிழமையே வெளியிலிருந்து யாரோ நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தடவை எங்கள் கணினிக்குள் நுழையப் பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை முராகோஷி தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரியிலும் 'பரிசீலனையில் உள்ளது'. புச்சோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"நம்ம கழகத்துமேல மக்களுக்கு இவ்ளோ ஆர்வமா?"

கடைசியாக 'யார்' என்ற தலைப்புக்கு வந்தோம். அதற்கே ஒன்பது கூட்டம் ஆயிற்று. பதிவில் கடைநிலை ஆளின் பெயரும் வரும், புச்சோவின் பெயரும் வரும். வெறுமனே 'செய்தவன்' என்று போட்டால் மேலே இருப்பவர்களுக்கு மரியாதைக் குறைவு. எங்கள் ஜப்பானிய மொழியில் மரியாதைக்கு ஒரு விகுதி இருக்கிறது. சரெத்தா. பெரியவர் ஒருவர் ஒன்றைச் செய்தருளினால் சரெத்தா என்று எழுதுவோம். ஒருவருக்கு ஒன்று செய்யப்பட்டாலும், அதாவது அவர் அடி வாங்கினாலும், அதுவும் சரெத்தாதான். எழுத்திலும் ஒன்றேதான், உச்சரிப்பிலும் ஒன்றேதான். நசத்தா என்று இன்னொரு மரியாதைச் சொல்லும் உண்டு. அதில் இந்தக் குழப்பம் கிடையாது. ஆனால் அது பேச்சுக்கு மட்டும்தான், ஆவணத்தில் வரக்கூடாது என்று எங்கள் கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கம் சொல்கிறது.

அதனால் முதலில் உள்ளே வந்த ஆளுக்கு மரியாதையோடு 'சரெத்தா' என்று தலைப்பு வைத்தோம். அவர் எடுத்துக்கொண்ட பெயர் வெறும் பெயர்தானே, அதற்கு எதற்கு மரியாதை என்று இரண்டாவது கட்டத்துக்கு 'செய்தது' என்று வைத்தோம்.

முராகோஷிக்குக் கூட்ட அறையில் நாற்காலி கிடையாது. ஓரமாக நின்றுகொண்டிருந்தவர் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகங்க. 'சரெத்தா: இன்னார்'னு வந்தா, அவர் செஞ்சாரா, அவருக்கு செஞ்சாங்களா?"

"சூழ்நிலையைப் பாத்துப் புரிஞ்சுக்கணும்," என்றார் புச்சோ. "சூழ்நிலை புரியாதவனுக்காகத் தலைப்பு வெக்க முடியுமா?"

எல்லோரும் அவரவர் பெயர் முத்திரையை வைத்தோம். அந்த முத்திரையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மேலதிகாரி முத்திரைக்குப் பக்கத்தில் குத்தும்போது நம் முத்திரையை அவர் பக்கமாகச் சாய்த்துக் குத்துவது இங்கே வழக்கம். குனிந்து வணங்குகிற மாதிரி இருக்கும். நான் முப்பது பாகை சாய்ப்பேன். முராகோஷி மட்டும் நேராகக் குத்துவார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "சாஞ்சா என் பேரையே எனக்குப் படிக்க வரமாட்டேங்குது, ஒகிட்சு-சான்," என்பார். ஒகிட்சு என் பெயர், சான் சாதாரண மரியாதை.

சம்பவம் நடந்தது அக்டோபரில். கோடையிலிருந்தே நகரத்தின் கிழக்குப் பக்கம் குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. புகார்ப் பதிவேட்டில் ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு புகார். வியாழக்கிழமை தலைநகரத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். செவ்வாய்க்கிழமை வருடாந்திர உடல் பரிசோதனை. வாகன நிறுத்தத்தில் பரிசோதனை பஸ் வந்து நின்றது. எண் வாரியாகப் போனோம். முராகோஷிக்குப் பத்தரை மணி. வெள்ளைக் குழம்பு மாதிரி பேரியத்தை ஒரு கோப்பை குடிக்கவைத்து, ஒரு பலகையில் படுக்கவைத்து, தலைகீழாகச் சாய்த்து வயிற்றைப் படம் எடுப்பார்கள். ஏப்பம் விடக்கூடாது.

பத்து நாற்பத்திரண்டுக்குப் புகார்ப் பதிவேடு மறைந்தது.

அந்த நேரம் அறையில் நான் இருந்தேன். எல்லோருடைய கடவுச்சொல்லும் ஒவ்வொரு உறையில் ஒட்டி குஸெ புச்சோவின் மேசை இழுப்பறையில் இருக்கும். அவசரத்துக்காம். அவர் ஓர் உறையைக் கிழித்ததைப் பார்த்தேன். பிறகு அவர் தன் கணினியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டியதையும் பார்த்தேன். தட்டி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு வெயில் அடிக்குது, இல்ல?" என்றார். "ஆமாங்க," என்றேன். அடித்துக்கொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து கணினியில் புகார்களைத் தேடினார். புகார் பூஜ்யம். அவர் நெகிழ்ந்துபோனார். புச்சோவுக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் வந்தது. அதைச் சுவரில் மாட்ட ஆணி அடித்தவர் முராகோஷி.

திங்கட்கிழமை நோனாகா என்ற சலவைக்கடைக்காரர் முகப்பு மேசைக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. இப்போது அது வெள்ளை இல்லை.

"என் புகார் நம்பர் இருநூத்திப் பன்னெண்டு. என்ன ஆச்சு?"

"அப்படி ஒரு நம்பரே இல்லீங்களே," என்றாள் முகப்பில் இருந்த பெண்.

"அப்ப இந்தச் சட்டையும் இல்லியா?"

மறுநாள் இரண்டு சட்டை கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள் நாலு. வெள்ளிக்கிழமை தெருவே வந்துவிட்டது, ஆளுக்கொரு போத்தல் பழுப்புத் தண்ணீரோடு. பத்திரிகையிலிருந்து ஒருவர் தொலைபேசினார். அதற்குப் பிறகுதான் பதிவேடு காணாமல் போயிருப்பது கழகத்துக்குத் தெரியவந்தது.

ஆய்வாளர் வந்த வார அவசரத்தில் படிக்காமல் விட்டிருந்த செவ்வாய்க்கிழமைத் தாளை முராகோஷி தேடி எடுத்து, அன்று மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் என் முன்னால் வைத்தார்.

சரெத்தா: குஸெ. செய்தது: முராகோஷி. செயல்: புகார்ப் பதிவேடு நீக்கம். நேரம்: 10.42. முடிவு: உங்கள் தயவால்.

"பாத்தீங்களா? உள்ள வந்தது புச்சோ. மாட்டிக்கிட்டது என் சட்டை. நல்லவேளை, முதல் கட்டத்துல பேரு விழுந்திருக்கு. நான் பயந்தே போயிட்டேன், ஒகிட்சு-சான். அஞ்சு மாசம்தானே பாக்கி."

"ம்."

"நீங்க அன்னிக்கு அறையிலதானே இருந்தீங்க? ஏதாவது பாத்தீங்களா?"

"என் நம்பரை எப்பக் கூப்பிடுவாங்கன்னு பஸ்ஸையே பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றேன். அதுவும் உண்மைதான். ஜன்னல் வழியாகப் பஸ் தெரியும்.

விசாரணைக்குத் தனியாக ஒரு குழு தேவைப்படவில்லை. தலைப்புகள் புரிகிற குழு ஒன்றுதான் கழகத்தில் இருந்தது, அதன் தலைவர் குஸெ புச்சோ. பணியாளர் பிரிவுத் தோகுரா அம்மாள் மெதுவாகக் கேட்டாள், "பாதிக்கப்பட்டவரே விசாரிக்கறது கொஞ்சம் எப்படியோ இருக்குமோ?"

'பாதிக்கப்பட்டவர்' என்று அந்த அறையில் முதலில் சொன்னது அவள்தான். வேண்டுமென்று சொல்லவில்லை. தாளைப் படித்தாள், சரெத்தா: குஸெ என்றிருந்தது, அப்படியே புரிந்துகொண்டாள். புச்சோ ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். அவர் தோள் இரண்டும் மெல்ல இறங்கின.

"பாதிக்கப்பட்டவனுக்குத்தாம்மா வலி தெரியும்," என்றார்.

முராகோஷி பேரியம் குடித்த சீட்டை எடுத்துக் காட்டினார். நேரம் அச்சாகியிருந்தது. பத்து நாற்பது முதல் பத்து நாற்பத்தாறு வரை அவர் தலைகீழாக இருந்திருக்கிறார்.

"உங்க உடம்பு பஸ்ல இருந்துச்சு. அதை யாரும் மறுக்கல," என்றார் புச்சோ. "ஆனா பதிவுல இருக்கறது உங்க உடம்பு இல்லியே, பேருதானே. உங்க பேரு பேரியம் குடிச்சுதா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

"கணினிக்குள்ள பழைய தலைப்போட மூலப் பதிவு அப்படியே இருக்குங்க," என்றார் முராகோஷி. "ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் காட்டறேன். அதுல சந்தேகத்துக்கே இடமில்ல."

"அந்தத் தலைப்பெல்லாம் போன ஏப்ரல்லயே ஒழிச்சாச்சே. ஒழிச்ச தலைப்புக்குக் கீழ இருக்கற சாட்சியை நாங்க எப்படிப் படிக்கறது?"

மொழிப் பேராசிரியர் ஷிமோதேவை வரவழைத்தார்கள். ஓய்வு பெற்றவர், மிகவும் மென்மையாகப் பேசுவார். தாளை நிமிர்த்திப் பிடித்து நாலு நிமிடம் பார்த்தார்.

"சரெத்தாவுக்கு ரெண்டு பொருள். எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ரொம்ப சுலபம். பெரியவங்க கெட்ட காரியம் செய்யமாட்டாங்க, இல்லியா? செஞ்சா அவங்க பெரியவங்களா இருக்க முடியாது. அதனால நல்ல காரியம்னா அது மரியாதை, அவர் செஞ்சார். கெட்ட காரியம்னா அது செயப்பாட்டு, அவருக்குச் செஞ்சுட்டாங்க. சின்னப் பதவியில இருக்கறவங்களுக்கு மரியாதை விகுதியே கிடையாதுங்கறதால பிரச்சினையே இல்ல, எப்பவும் செயப்பாட்டுதான். மொழி எவ்வளவு ஒழுங்கா இருக்கு பாருங்க. எனக்கே ஆச்சரியமா இருக்கு."

இதைக் கையேட்டில் ஏழாவது விதியாகச் சேர்த்தோம். அன்றிலிருந்து எந்தத் துறைத்தலைவரும் எந்தக் கெடுதலும் செய்ததாக எங்கள் பதிவில் எழுத முடியாது. எழுதினாலும் படிக்க முடியாது.

முராகோஷி ஓரத்திலிருந்து முன்னால் வந்தார். நேராக நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, பேச்சு வழக்குச் சொல்லையே போட்டுச் சொன்னார். "நீக்கினது நான் இல்லீங்க. குஸெ புச்சோதான் நீக்க நசத்தா."

நசத்தா. செய்தருளினார். குழப்பத்துக்கு வழியே இல்லாத சொல். எல்லோரும் என் பேனாவைப் பார்த்தார்கள். கூட்டக் குறிப்பு ஓர் ஆவணம். கையேடு, பக்கம் நாற்பத்தொன்று. 'குஸெ புச்சோ நீக்க சரெத்தா என்று முராகோஷி தெரிவித்தார்' என்று எழுதினேன்.

"ஆக, எனக்குக் கெடுதல் நடந்ததை நீங்களே ஒத்துக்கறீங்க," என்றார் புச்சோ, என் குறிப்பைப் படித்துவிட்டு. அவர் குரலில் பரிவு இருந்தது.

மறுநாள் முராகோஷி குறிப்பின் பிரதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"நான் இப்படிச் சொல்லலியே."

"கையேட்டுல அப்படித்தான் இருக்கு."

"எழுதினது நீங்கதானே, ஒகிட்சு-சான்?"

"எழுதப்பட்டது," என்றேன்.

அன்றைக்கு அவர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். எதிர் மேசையில் அவர் சோயா புட்டி மட்டும் இருந்தது.

பிறகு முராகோஷி மன்னிப்புக் கடிதம் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அதில் நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும் என்பது விதி. முராகோஷி நடந்தபடியே எழுதினார். முதல் தடவை, 'குஸெ நீக்கினார்' என்று எழுதினார். மேலதிகாரி பெயருக்குப் பின் மரியாதை இல்லை என்று படிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை மரியாதையோடு, 'குஸெ புச்சோ பதிவேட்டை நீக்க சரெத்தா' என்று எழுதினார். தோகுரா அம்மாள் அதைப் படித்துக் கண் கலங்கினாள். "இவ்வளவு மனசு திறந்து எழுதுவீங்கன்னு நெனைக்கல," என்றாள். மூன்றாம் தடவை படம் வரைந்தார். ஒரு கதவு, அதில் நுழைகிற ஒரு ஆள், கையில் இன்னொருவரின் சட்டை. ஆவணத்தில் படம் கூடாது. அப்படி ஏழு பிரதி. எப்படி எழுதினாலும் ஒன்று அது மரியாதை இல்லாத உண்மையாக இருந்தது, இல்லை மரியாதையுள்ள பொய்யாக இருந்தது. ஏழாவதில் அவர் தன் பெயரை மட்டும் எழுதி முத்திரை குத்தியிருந்தார். இருப்பதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டார்கள். முத்திரை நேராக நின்றதை மட்டும், 'வருத்தத்தின் சாய்வு தென்படவில்லை' என்று ஓரத்தில் குறித்தார்கள்.

அதன் பிறகும் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் யோசனைப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டார். இரண்டே வரி. முதல் கட்டத்துக்கு, 'முதலில் உள்ளே வந்த ஆள்'. இரண்டாம் கட்டத்துக்கு, 'அவர் எடுத்துக்கொண்ட பெயர்'. அதற்காக இருபத்து நான்காம் கூட்டம் கூடியது. சீட்டு கைமாறிக் கைமாறிப் போயிற்று. எல்லோருக்கும் உடனே புரிந்தது. அதுதான் அறையில் ஒரு சங்கடத்தை உண்டாக்கியது. புச்சோ எழுந்து நின்றார்.

"ரொம்ப நல்ல யோசனை. எனக்கே உடனே புரிஞ்சுருச்சு. அதான் எனக்குக் கவலையா இருக்கு. ஒரு தலைப்பு தெளிவா இருந்தா என்ன ஆகும்? படிக்கறவனுக்குப் புரியும். புரிஞ்சா கேள்வி கேப்பான். கேட்டா யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும். இந்தக் கழகத்துல அறுபது வருஷமா யாரும் பதில் சொன்னதில்ல. அந்த ஒற்றுமையை ரெண்டு வரியில உடைக்கலாமா? புரியாத தலைப்புல எல்லாருக்கும் இடம் இருக்கு, நமக்கும் இருக்கு, நாளைக்கு உங்களுக்கும் இருக்கு. தெளிவுல ஒரே ஒருத்தருக்குத்தான் இடம். நான் யாருக்காகவும் பேசல. பொதுவாச் சொல்றேன்."

கைதட்டினோம். யோசனைக்கு நன்றி தெரிவித்து முராகோஷிக்குக் கழகத்தின் பெயர் பொறித்த ஒரு துவாலை கொடுக்கப்பட்டது. கிழக்குப் பக்கத் தண்ணீரில் துவைத்தால் அதன் எழுத்து தெரியாமல் போய்விடும்.

பிப்ரவரிக் கடைசியில் அவர் மறுபடியும் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சோற்று உருண்டையைப் பிரித்தார், சாப்பிடவில்லை.

"புதுப்பிக்கறதைப் பத்தித் தோகுரா-சான்கிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பரிசீலனையில் உள்ளதாம்."

அந்தச் சொல்லுக்கு முன்னால் அங்கே என்ன சொல் இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் நாட்காட்டியை எடுத்தார். மார்ச் முப்பத்தொன்றைச் சுற்றியிருந்த பென்சில் வட்டத்தை அழித்தார். அழிந்த இடம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. விரலால் அதைத் தடவிக்கொண்டே, "பேனாவுல போடாததும் நல்லதாப் போச்சு," என்றார்.

மார்ச் முப்பத்தொன்று. மாலை ஐந்து மணிக்கு முராகோஷியின் கணினிக் கணக்கை நீக்கும் வேலை 'நடக்கட்டும்' என்று எனக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. போகிறவர் தன் பெயரில் கடைசியாக ஒருமுறை உள்ளே நுழைந்து, ஒப்படைப்பு முடிந்தது என்று தட்டவேண்டும். அதே கணினியில், அவர் நுழைந்த வழியிலேயே, பொறுப்பான ஆள் நிர்வாகி பெயருக்கு மாறி நீக்கவேண்டும். அப்படித்தான் கையேட்டில் இருக்கிறது. நாங்கள் எழுதியதுதான்.

அவர் நுழைந்தார், தட்டினார். பேனா, துவாலை, சோயா புட்டி எல்லாம் ஏற்கெனவே பைக்குள் போயிருந்தன.

"கொஞ்சம் நகருங்க," என்றேன். அவர் தோளுக்கு மேலே குனிந்து நிர்வாகியின் கடவுச்சொல்லை அடித்தேன்.

"ஒகிட்சு-சான்."

"ம்."

"நான் தொறந்த கதவு வழியாவே செய்யறீங்க. அப்ப முதல் கட்டத்துல என் பேருல்ல விழும்?"

"அப்படித்தான் விழும்."

"ரெண்டாவதுல?"

"நிர்வாகி."

"உங்க பேரு எங்கயும் வராதா?"

நான் பொத்தானை அழுத்தினேன். அவர் அதைப் பார்த்தார், என் விரலை. திரையைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம் முராகோஷி முகப்பு மேசைக்கு வந்து எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். கழகம் விலக்கியதா, அவராகவே விலகினாரா என்று தெரியவேண்டுமாம். விலக்கியிருந்தால் உதவித்தொகை உடனே வரும். தானாகப் போனவர் என்றால் காத்திருக்கவேண்டும். கழகத்தின் விடுதி அறையைக் காலி செய்துவிட்டுக் கிழக்குப் பக்கம் ஓர் அறை எடுத்திருக்கிறார் போல. சட்டைக் கழுத்து தேநீர் நிறத்தில் இருந்தது.

தோகுரா அம்மாள் தொண்ணூறு பாகை குனிந்து வரவேற்றாள்.

"முராகோஷி-சாமா, காக்க வெச்சதுக்கு மன்னிக்கணும்."

ஐந்து வருடம் அவள் அவரைச் 'சான்' என்றுகூட முழுதாகச் சொன்னதில்லை. சாமா என்பது வாடிக்கையாளருக்கு உரியது. பதிவின் தாளை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சரெத்தா: முராகோஷி-சாமா. செய்தது: நிர்வாகி. செயல்: முராகோஷி கணக்கு நீக்கம்."

"பாருங்க, நான் நீக்கப்பட்டேன்னு உங்க பதிவே சொல்லுது," என்றார் அவர். "ஏழாவது விதிப்படி சின்னப் பதவிக்கு எப்பவும் செயப்பாட்டு. அதை மட்டும் எழுதிக் குடுங்க, போதும்."

"அது பதவியில இருக்கறவங்களுக்குங்க," என்றாள் தோகுரா அம்மாள் மிகுந்த பணிவோடு. "அன்னிக்கு சாயங்காலத்தோட உங்க பதவி முடிஞ்சுது. அந்த நிமிஷத்துலருந்து நீங்க எங்க மதிப்புக்குரிய பொதுமக்கள்ல ஒருத்தர். பொதுமக்களுக்கு நாங்க மரியாதை விகுதிதானே போடணும்? முராகோஷி-சாமா தாமே நீக்கியருளினார். அப்படித்தாங்க படிக்கணும்."

முராகோஷி தாளை மேசைமேல் வைத்தார். பிறகு மேசைகளைத் தாண்டிக் கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார்.

"ஒகிட்சு-சான். அந்தப் பொத்தானை அழுத்தினது யாரு? பேரு மட்டும் சொல்லுங்க. மரியாதைகூட வேணாம்."

முகப்பில் எல்லோரும் திரும்பினார்கள். குஸெ புச்சோ அறைக்கதவு பாதி திறந்திருந்தது. பாராட்டுப் பத்திரத்தின் சட்டம் வெயிலில் மின்னியது. என் தீவுக்கு அன்று கப்பல் கிடையாது என்பது எனக்கு ஏனோ ஞாபகம் வந்தது.

"அழுத்தப்பட்டிருக்கு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. பதிவைப் படிக்கிறவர் ஒரு வரியைப் படித்து முடித்த மாதிரிதான் இருந்தது. மேசையில் வந்தவர்களுக்காக வைத்திருந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தார், கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், வைத்துவிட்டுப் போனார்.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய தாள் என் மேசைக்கு வந்தது. முராகோஷி போன பிறகு பதிவைப் படித்து முத்திரை குத்துவது என் வேலை. இன்னொரு தடவை படித்தேன். ஐந்து வருடத்தில் இந்தக் கழகம் அந்த மனிதருக்கு எழுத்தில் கொடுத்த முதல் மரியாதை அது. கடைசிக் கட்டத்தில், முடிவு: உங்கள் தயவால்.

அதன் பக்கத்தில் என் முத்திரையை வைத்தேன். முப்பது பாகை சாய்த்து. என் பெயர் அதில் சரியாகப் படிக்க வரவில்லை.